ஒரு ஆட்டத்தில் 57 ஷாட், 69 பாயின்ட், கடைசியில் தோல்வி: ‘பிஸ்டல்’ பீட் மராவிச் அணியின் நாயகனா, பாரமா?

1970-ம் ஆண்டு பிப்ரவரி 7. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தோடு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், அதாவது எல்.எஸ்.யூ., கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறது. எல்.எஸ்.யூ. பக்கம் ஒல்லியான, நீளமான ஒரு பையன். கலைந்த முடி, கணுக்காலில் சரிந்து கிடக்கும் சாம்பல் நிற சாக்ஸ். பந்து கைக்கு வந்தால் போதும், கூடையைப் பார்க்கிறான், எறிகிறான். அன்றைக்கு மட்டும் 57 ஷாட். அதில் 26 உள்ளே போனது. ஃப்ரீ த்ரோ 21-ல் 17. மொத்தம் 69 பாயின்ட்.

ஆட்டத்தின் முடிவு? அலபாமா 106, எல்.எஸ்.யூ. 104.

அணியின் 104-ல் 69 ஒரே ஆளுடையது. மீதி எல்லோரும் சேர்ந்து 35. அந்தப் பையன் பெயர் பீட் மராவிச். உலகம் அவரை ‘பிஸ்டல் பீட்’ என்று கூப்பிட்டது. முதல் பிரிவுக் கல்லூரி ஆட்டங்களில் அவர் வைத்துவிட்டுப் போன 3,667 பாயின்ட் என்ற சாதனையை அந்தப் பிரிவில் இன்றுவரை எந்த ஆணும் தாண்டவில்லை. 2023-ல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்ட்வான் டேவிஸ் 3,664 வரை வந்து, மூன்றே பாயின்ட் குறைவாக நின்றுவிட்டார். அவர் ஆடியது ஐந்து சீசன், 144 ஆட்டம். மராவிச் ஆடியது மூன்று சீசன், 83 ஆட்டம்.

ஆனால் கூடைப்பந்தைக் கணக்காகப் பார்க்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் நெளிவார்கள். அவ்வளவு ஷாட் எறிந்தால் யாரும்தான் அடிப்பார்கள், அணி ஜெயித்ததா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் அத்தனை சுலபமில்லை.

அப்பா போட்ட திட்டம்

பீட் பிறந்தது 1947 ஜூன் 22, பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற ஊரில். இரும்பு ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். அப்பா பிரெஸ் மராவிச், செர்பியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானி. போர் முடிந்து கொஞ்ச காலம் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடினார். பிறகு கோச் ஆனார். தான் எட்ட முடியாத உயரத்தை மகன் எட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துகொண்ட அப்பா அவர். இந்த வகை அப்பாக்களை நமக்கும் தெரியும்.

பயிற்சி சும்மா இல்லை. தினமும் பல மணி நேரம். கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து தட்டுவது, ரயில் தண்டவாளத்தின் மேல் நடந்தபடி தட்டுவது, அப்பா மெதுவாகக் கார் ஓட்ட, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாலையில் தட்டுவது. சினிமா பார்க்கப் போனால் ஓரத்து இருக்கை. படம் ஓடும்போதும் நடைபாதையில் பந்து தட்டிக்கொண்டே இருப்பான். உயரம் இன்னும் வராத வயதில், தோளுக்கு மேலே தூக்கி எறியத் தெம்பில்லாமல் இடுப்புப் பக்கத்திலிருந்து ஷாட் எறிந்தான். இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுகிற மாதிரி இருக்கிறதே என்று வந்ததுதான் ‘பிஸ்டல்’ என்ற பட்டம்.

அப்பா கிளெம்சனில் கோச், பிறகு வட கரோலினா ஸ்டேட்டில். அங்கே 1964-65 சீசனில் தலைமைக் கோச் உடல்நலம் குன்றி விலக, பொறுப்பேற்ற பிரெஸ், அந்த ஆண்டே அட்லான்டிக் கோஸ்ட் பிரிவின் சாம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தார். ஆக, அவர் ஆட்டம் தெரியாத ஆள் கிடையாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1966-ல் எல்.எஸ்.யூ. அவரைக் கூப்பிட்டது. பீட்டுக்கு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆட ஆசை. அப்பா விடவில்லை. எல்.எஸ்.யூ.வில் கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுப் பக்கமே வராதே என்கிற அளவுக்குப் பேச்சு போனது. மகன் கையெழுத்துப் போட்டான்.

மாட்டுக் கண்காட்சி அரங்கில் ஒரு புயல்

அப்போது எல்.எஸ்.யூ. என்றால் அமெரிக்கன் ஃபுட்பால்தான். கூடைப்பந்து ஆடியது வேளாண்மைக் கண்காட்சிகளுக்காகக் கட்டிய ஒரு அரங்கில். மற்ற நாட்களில் அங்கே மாடும் குதிரையும் நிற்கும். பிரெஸ் வந்த முதல் சீசனில் முதன்மை அணி 3 ஆட்டம் ஜெயித்து 23 ஆட்டம் தோற்றது.

அந்தச் சீசனில் பீட் அந்த அணியில் ஆடவில்லை. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அவர்களுக்குத் தனி அணி. அந்த முதலாண்டு அணி 18 ஆட்டத்தில் 17 ஜெயித்தது. பீட்டின் சராசரி 43-க்கு மேல். முதலாண்டுப் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அது முடிந்ததும் முதன்மை அணி இறங்குவதற்குள் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த மூன்று சீசன், அதாவது 1967 முதல் 1970 வரை, ஆட்டத்துக்குச் சராசரியாக 43.8, 44.2, 44.5 பாயின்ட். மூன்று ஆண்டும் நாட்டிலேயே முதலிடம். 1970 ஜனவரி 31 அன்று மிசிசிபி பல்கலைக்கழகத்துக்கு எதிராக 53 பாயின்ட் அடித்து, ஆஸ்கார் ராபர்ட்சன் வைத்திருந்த 2,973 என்ற கல்லூரிச் சாதனையைத் தாண்டினார். மூன்று பாயின்ட் கோடு கிடையாது. எங்கிருந்து எறிந்தாலும் இரண்டுதான். முதலாண்டு ஆட்டங்கள் கணக்கில் சேராது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 3,667 நம்ப முடியாத எண்தான்.

சரி, இப்போது கணக்கு

கிரிக்கெட்டில் ஒருவர் 80 ரன் அடித்தார் என்றால் நாம் உடனே எத்தனை பந்தில் என்று கேட்போம். டி20-ல் 75 பந்தில் 80 என்றால், அந்த 80 அணிக்கு உதவியா, சுமையா என்று சண்டையே போடுவோம். கூடைப்பந்திலும் அதே கதை. ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குக் கிடைக்கும் பந்து வாய்ப்புகள் அளவானவை. ஒருவர் எறியும் ஒவ்வொரு ஷாட்டும் அணியின் கையிருப்பிலிருந்து செலவாகும் ஒரு வாய்ப்பு. எத்தனை பாயின்ட் என்பது பாதிக் கேள்வி. எத்தனை வாய்ப்பைச் செலவழித்து என்பது மீதிப் பாதி.

மராவிச்சின் மூன்றாண்டு செலவுக் கணக்கு இது. 3,166 ஷாட் எறிந்தார். அதாவது ஆட்டத்துக்கு 38. உள்ளே போனது 1,387. அதாவது 43.8 சதவீதம். ஒரு ஷாட்டுக்கு இரண்டு பாயின்ட் என்பதால், அவர் எறிந்த ஒவ்வொரு ஷாட்டும் அணிக்குச் சராசரியாக 0.88 பாயின்ட் கொண்டுவந்தது.

நல்லதா, கெட்டதா? அந்தக் காலக் கல்லூரி ஆட்டங்களின் பொதுச் சராசரியே கிட்டத்தட்ட 44 சதவீதம்தான். அதாவது நாட்டின் மிகப் பெரிய ஸ்கோரர், குறி வைப்பதில் பார்த்தால் ஒரு சராசரி ஆட்டக்காரர்! ரசிகர்கள் ஏற்க மறுக்கும் இடம் இதுதான்.

அதே காலத்தில் யூ.சி.எல்.ஏ.வில் லூ அல்சின்டர் என்றொருவர் ஆடினார். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று உலகம் அறிந்த அதே மனிதர். அவர் ஆட்டத்துக்கு 17 ஷாட்கூட எறியவில்லை. ஆனால் 63.9 சதவீதம் உள்ளே போனது. சராசரி 26.4 பாயின்ட். அவர் இருந்த மூன்று சீசனில் யூ.சி.எல்.ஏ. 88 ஆட்டம் ஜெயித்தது, 2 தோற்றது. மூன்று முறையும் தேசிய சாம்பியன். மராவிச் இருந்த மூன்று சீசனில் எல்.எஸ்.யூ. 49 ஜெயித்தது, 35 தோற்றது. தேசிய சாம்பியன்ஷிப் போட்டிக்கு ஒரு முறைகூடத் தகுதி பெறவில்லை.

இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது. அல்சின்டர் ஏழடி மனிதர். கூடைக்குப் பக்கத்தில் நின்று பந்தை உள்ளே போடுபவர். மராவிச் ஆறடி ஐந்தங்குலம். பந்தைத் தானே கொண்டுவந்து, தானே வழி உண்டாக்கி, பெரும்பாலும் தூரத்திலிருந்து எறிந்தவர். இருவர் செய்த வேலையும் ஒன்றல்ல.

தவிர, 43.8 என்ற எண் ஒன்றை மறைக்கிறது. ஃப்ரீ த்ரோ. ஆட்டத்துக்குச் சராசரியாக 14 ஃப்ரீ த்ரோவை மராவிச் சம்பாதித்தார், அதில் கிட்டத்தட்ட 11-ஐ உள்ளே போட்டார். அவருடைய மொத்த பாயின்ட்டில் கால் பங்கு இப்படி வந்ததுதான். அவர் ஃப்ரீ த்ரோ விகிதம் 77.5 சதவீதம். அப்படியென்றால் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் அணிக்கு 1.55 பாயின்ட். ஒரு சாதாரண ஷாட் தந்த 0.88-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். ஷாட், ஃப்ரீ த்ரோ இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இன்றைய ஆய்வாளர்கள் ஒரு சதவீதம் போடுவார்கள்; ட்ரூ ஷூட்டிங் என்று பெயர். அந்தக் கணக்கில் மராவிச்சுக்குச் சுமார் 50 வரும். அல்சின்டருக்குச் சுமார் 65. மராவிச் மோசமில்லை. ஆனால் 44 என்ற சராசரி நம் மனதில் எழுப்பும் பிம்பத்தோடு ஒப்பிட்டால், சாதாரணம்தான்.

கென்டக்கியின் தந்திரம்

மராவிச்சைத் தடுப்பது எப்படி என்று நாடெங்கும் கோச்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரை அவர் மேல் ஏவினார்கள், மூன்று பேரை ஏவினார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அடால்ஃப் ரப் யோசித்தது வேறு மாதிரி. அடிக்கட்டும், விடு. மற்ற நாலு பேரை அடிக்க விடாதே. இதுதான் அவர் திட்டம்.

மூன்று ஆண்டில் ஆறு முறை இரு அணிகளும் மோதின. கென்டக்கிக்கு எதிராக மராவிச்சின் சராசரி 52. ஆறு ஆட்டத்திலும் ஜெயித்தது கென்டக்கி. 1970 பிப்ரவரியில் நடந்த கடைசி மோதலில் மராவிச் 64 அடித்தார். கென்டக்கியின் டான் இஸ்ஸல் 51 அடித்தார். ஸ்கோர் 121-105. அந்தக் காலத்தில் பிரிவுச் சாம்பியனுக்கு மட்டுமே தேசியப் போட்டியில் இடம் என்பதால், அந்த மூன்று ஆண்டும் சாம்பியனான கென்டக்கி உள்ளே போனது, எல்.எஸ்.யூ. வெளியே நின்றது.

ரப் புரிந்துகொண்டது, ஒரு ஷாட் நல்லதா கெட்டதா என்பதை அது உள்ளே போகிறதா என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதைத்தான். இரண்டு பேர் மேலே விழுந்து தடுக்கும்போது மராவிச் 44 சதவீதம் அடிக்கிறார். பிரமாதம்தான். ஆனால் அந்த நொடியில் இன்னொரு எல்.எஸ்.யூ. ஆட்டக்காரர் எங்கோ தனியாக, தடுக்க ஆளில்லாமல் நிற்கிறார். அவரிடம் பந்து போயிருந்தால்? மராவிச்சின் தவறிய ஷாட்களைவிட, அவர் கொடுக்காத பாஸ்கள்தான் எதிரணிக்கு அதிகம் உதவின. அதிலும் வேடிக்கை, அந்தக் காலத்தில் அவரைவிட அழகாக பாஸ் கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. முதுகுக்குப் பின்னால், கால்களுக்கு நடுவே, பார்வை ஒரு பக்கம் பந்து ஒரு பக்கம். பாஸ் வரும் என்று எதிர்பார்க்காமல் சக ஆட்டக்காரர்கள் முகத்தில் வாங்கிக்கொண்ட கதைகளும் உண்டு.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. முதல் சீசனில் ஆட்டத்துக்கு 39 ஷாட், 42.3 சதவீதம், அசிஸ்ட் 4.0. அணி 14 வெற்றி, 12 தோல்வி. இரண்டாவதில் 37.5 ஷாட், 44.4 சதவீதம், அசிஸ்ட் 4.9. அணி 13-13. மூன்றாவதில் ஷாட் கிட்டத்தட்ட அதே அளவு, 44.7 சதவீதம், அசிஸ்ட் 6.2. அணி 22-10. ஷாட்டை ஒன்றிரண்டு குறைத்து, பாஸை இரண்டு கூட்டிய ஆண்டில்தான் அணி நிமிர்ந்தது. கூட ஆடியவர்களும் அதற்குள் தேறியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். பந்தைப் பிடித்து உள்ளே போடத் தெரிந்த ஆள் இருந்தால்தானே அசிஸ்ட் வரும்?

அந்த நல்ல சீசனிலும் அடி விழுந்தது. 1969 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் யூ.சி.எல்.ஏ.விடம் 133-84 என்று தோற்றார்கள். அல்சின்டர் அப்போது படிப்பை முடித்துப் போயிருந்தார். அவர் இல்லாமலே 49 பாயின்ட் வித்தியாசம். மராவிச் 38 அடித்தார். ஒரு ஆளை மையமாக வைத்த அணிக்கும், ஐந்து பேரும் பந்தைப் பகிரும் அணிக்கும் உள்ள இடைவெளியை அன்றைக்கு அரங்கில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். சீசன் முடிவில் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியில் அரையிறுதி வரை போய், மார்க்வெட்டிடம் 101-79 என்று தோற்றது எல்.எஸ்.யூ. மராவிச்சின் கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டம் அதுதான். 20 பாயின்ட்.

தெரிந்தேதான் செய்தாரா அப்பா?

முன்பு ஒன்றைக் கவனத்தில் வைக்கச் சொன்னோமே, பிரெஸ் ஆட்டம் தெரியாத கோச் இல்லை என்று. சாம்பியன் அணியை நடத்தியவர். ஐந்து பேரும் பந்தைப் பகிர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாத பாடமா? தெரிந்தேதான் மகனுக்கு விளக்கைப் பச்சையாகவே வைத்தார். எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் எறி.

அவர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. 3-23 என்று கிடந்த அணி. திறமையான ஆட்கள் வராத, கூடைப்பந்தை யாரும் சீண்டாத கல்லூரி. கையில் இருந்த ஒரே வைரத்தை முழு வெளிச்சத்தில் வைத்தார். கூட்டம் வந்தது, டி.வி. வந்தது, புது அரங்கம் கட்டப் பணம் வந்தது. வெற்றி விகிதமும் ஏறியது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு இரவும் 40 அடிக்காவிட்டால் கூட்டம் ஏமாந்துபோகும் என்ற சுமையை 20 வயதுப் பையன் தோளில் ஏற்றியதும் அவர்தான். மகன் அப்போதே குடிக்க ஆரம்பித்திருந்தார்.

மகன் போனபின் அப்பாவின் கதை என்ன ஆனது? அடுத்த சீசன் 14-12. அதற்கடுத்தது 10-16. 1972-ல் பிரெஸ்ஸை எல்.எஸ்.யூ. அனுப்பிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் தள்ளிவிட்டுப் போக முடியாது. மராவிச் ஆடிய சவுத்ஈஸ்டர்ன் பிரிவு, அன்றைக்கு ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்களின் பிரிவு. வாண்டர்பில்ட்டின் பெர்ரி வாலஸ் 1967-ல்தான் அந்தப் பிரிவில் முதன்மை அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். நாட்டின் சிறந்த கறுப்பின ஆட்டக்காரர்கள் பலரை மராவிச் கல்லூரியில் எதிர்கொள்ளவே இல்லை. அது அவர் குற்றம் கிடையாது. ஆனால் 3,667-க்குப் பக்கத்தில் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்று பாயின்ட் கோடு இருந்திருந்தால்?

மராவிச் ரசிகர்களின் பிரம்மாஸ்திரம் இது. பிரெஸ்ஸுக்குப் பின் எல்.எஸ்.யூ.வின் கோச்சாக வந்த டேல் பிரவுன், பழைய ஷாட் பதிவுகளை உட்கார்ந்து ஆராய்ந்து, மூன்று பாயின்ட் கோடு இருந்திருந்தால் மராவிச்சின் சராசரி 57 ஆகியிருக்கும் என்று கணக்குச் சொன்னார். ஆட்டத்துக்கு 13 மூன்று பாயின்ட் ஷாட் விழுந்திருக்கும் என்பது அதன் அடிப்படை. இந்தக் கணக்கு இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மராவிச்சின் வெற்றிகரமான ஷாட் ஆட்டத்துக்கு 16.7. அதில் 13 கோட்டுக்கு வெளியே இருந்தது என்றால், ஐந்தில் நாலு பங்கு தூர ஷாட். ஆனால் அவர் கூடையை நோக்கிப் பாய்ந்து, மோதி, 14 ஃப்ரீ த்ரோ வாங்கிய ஆளும்கூட. இரண்டும் சேர்ந்து பொருந்துவது கடினம். 57 என்பது கொஞ்சம் அன்பு கலந்த கணக்கு என்றே தோன்றுகிறது.

இருந்தாலும் கேள்வியின் சாரம் சரியானது. 13 வேண்டாம், வெறும் 5 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 5 பாயின்ட் கூடும். சராசரி 49 ஆகும். முன்பு 50 என்று வந்த அந்தத் திறன் சதவீதம் 55-ஐத் தாண்டும். ஷாட் மாறவில்லை, கை மாறவில்லை, தூரம் மாறவில்லை. விதிப்புத்தகத்தில் ஒரு கோடு மட்டும் வந்தது. சராசரி ஆட்டக்காரர் திறமையான ஆட்டக்காரராகிவிடுகிறார்.

1970-ல் 25 அடி தூரத்திலிருந்து எறிவது கணக்குப்படி முட்டாள்தனம். பக்கத்திலிருந்து எறிந்தாலும் இரண்டு, தூரத்திலிருந்தும் இரண்டு. அப்புறம் ஏன் தூரம்? இன்றைக்கு அதே ஷாட்டை மூன்றில் ஒரு முறை போட்டாலே ஒரு ஷாட்டுக்கு ஒரு பாயின்ட் கிடைத்துவிடும். மராவிச்சின் 0.88-ஐவிட அது அதிகம். அதனால்தான் இன்றைய கல்லூரி அணிகள் இரண்டு இடங்களிலிருந்து மட்டும் எறியப் பார்க்கின்றன: கூடைக்கு அடியில், அல்லது கோட்டுக்கு வெளியே. நடுவில் இருக்கும் பகுதியில் நின்று எறிந்தால் கோச் முறைப்பார். ஆடிய காலத்தில் ஒழுங்கற்றது என்று திட்டு வாங்கிய ஷாட், இன்று பயிற்சியில் தினமும் நூற்றுக்கணக்கில் எறியப்படும் ஷாட்.

தாமதமாக வந்த கோடு

1970-ல் அட்லான்டா ஹாக்ஸ் அவரைத் தேர்வில் மூன்றாவது ஆளாக எடுத்தது. ஏறத்தாழ 19 லட்சம் டாலர் ஒப்பந்தம். அன்றைக்கு வாயைப் பிளக்க வைத்த தொகை. அணியில் ஏற்கெனவே இருந்த அனுபவசாலிகளுக்கு அதில் மனக்கசப்பு. 1974-ல் புதிதாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டு அம்மா ஹெலன் தற்கொலை செய்துகொண்டார். குடி கூடியது.

1976-77-ல் ஆட்டத்துக்கு 31.1 பாயின்ட் அடித்து என்.பி.ஏ.வில் முதலிடம். அந்தச் சீசனில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68. அடுத்த ஆண்டு ஜனவரியில், அந்தரத்தில் கால்களுக்கு நடுவே ஒரு பாஸ் கொடுத்துவிட்டுத் தரையிறங்கும்போது முழங்கால் போனது. அதற்குப் பின் பழைய பீட் திரும்பவில்லை.

என்.பி.ஏ. மூன்று பாயின்ட் கோட்டைக் கொண்டுவந்தது 1979-80 சீசனில். மராவிச்சுக்கு அதுதான் கடைசி சீசன். ஜாஸ் அணி யூட்டாவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. நடுவில் அவரை விடுவித்தது. மீதி ஆட்டங்களை பாஸ்டன் செல்டிக்ஸில், லாரி பேர்ட் என்ற புதுப் பையனோடு ஆடினார். வாழ்நாளில் மொத்தம் 15 மூன்று பாயின்ட் ஷாட் எறிந்தார். 10 உள்ளே போனது. 15 ஷாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ரசிகர்களுக்கு அது தெரிந்தும் அந்த எண்ணைச் சொல்லாமல் விட மாட்டார்கள்.

அடுத்த சீசன் தொடங்குமுன் ஆட்டத்தை விட்டார். 658 ஆட்டம், சராசரி 24.2, ஷாட் விகிதம் 44.1 சதவீதம். கல்லூரியில் 43.8, என்.பி.ஏ.வில் 44.1. பாதி ஷாட்டை எறிந்தபோதும், இரு மடங்கு எறிந்தபோதும் மனிதர் கை மாறவே இல்லை.

சில ஆண்டுகள் யாரையும் பார்க்காமல் ஒதுங்கியிருந்தார். யோகா, உணவுமுறை, வேற்றுக்கிரகவாசிகள் என்று எதையெதையோ தேடினார். 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கை அவரைப் பிடித்து நிறுத்தியது. குடியை விட்டார். சிறுவர்களுக்கு முகாம் நடத்தினார். அப்பா சொல்லிக்கொடுத்த அதே பயிற்சிகளை வீடியோவாக எடுத்தார். அப்பாவோடு இருந்த கசப்பும் கரைந்தது. 1987 ஏப்ரலில் பிரெஸ் புற்றுநோயால் இறந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டது பீட்தான். அதே ஆண்டு கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது.

1988 ஜனவரி 5. ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகக் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குப் போயிருந்தார். காலையில் ஒரு சர்ச் ஜிம்மில் நண்பர்களோடு சும்மா ஒரு ஆட்டம். இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வயது 40. உடற்கூறாய்வில் மருத்துவர்கள் அதிர்ந்துபோனார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோனரி தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை. வலது தமனி மட்டும் பெரிதாகி, அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. இந்த இதயத்தை வைத்துக்கொண்டா ஆட்டத்துக்கு 38 ஷாட் எறிந்து, அரங்கம் முழுக்க ஓடினார்?

2024 மார்ச் 3 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் ஒரு ஃப்ரீ த்ரோவில் 3,667-ஐத் தாண்டினார். அதற்கு முன் தூரத்திலிருந்து எறிந்த நூற்றுக்கணக்கான ஷாட்டுகளுக்கு அவருக்கு மூன்று மூன்றாகவே கிடைத்திருந்தது. நாலு சீசன், முடிவில் 3,951. பெண்கள், ஆண்கள் இரண்டையும் சேர்த்தால் முதல் பிரிவுச் சாதனை இப்போது கிளார்க்கினுடையது. ஆண்கள் பட்டியலில் மராவிச் அப்படியே இருக்கிறார்.

எல்.எஸ்.யூ.வின் புது அரங்கம் 1972-ல் திறந்தது. அவர் இறந்த ஆண்டே அதற்கு பீட் மராவிச் அசெம்பிளி சென்டர் என்று பெயர் வைத்தார்கள். அதன் தரையில் இப்போது மூன்று பாயின்ட் கோடு இருக்கிறது. அந்தத் தரையில் அவர் எல்.எஸ்.யூ.வுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவருடைய வீட்டு மைதானம் கடைசி வரை அந்த மாட்டுக் கண்காட்சி அரங்கம்தான்.